இரண்டு விரல் அறிவு

தானத்துக்குச் சோறு வடிக்க அன்று விடிகாலை மூன்றரைக்கே எழும்பிவிட்டோம். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் எதிர்வீட்டு ஆன்ட்டி சிங்களவர். பன்னிரண்டு வருடப் பழக்கம். அங்கிள் இறந்து மூன்று மாதம் நிறைகிற நாள் அது. தானச் சோறு உண்ண பத்து ஹாமுதுருமார், அதாவது பௌத்த பிக்குகள், வருவதாக ஏற்பாடு. அம்மா உழுந்து ஊறப்போட்டு வடை சுட்டார். நான் தேங்காய் துருவினேன். ஆன்ட்டி பானையின் மூடியைத் திறந்து, அகப்பையில் நாலு பருக்கை எடுத்து, ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் வேகணும், துவே” என்றார்.

அந்த இரண்டு விரலை அப்போது நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. என் அம்மா செய்வது, அம்மம்மா செய்தது, நான் செய்வது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாங்கள் பழமொழியே வைத்திருக்கிறோம்.

ஆன்ட்டியின் மனதில் அன்று வேறொரு குறை இருந்தது. குருநாகல் பக்கம் அவருடைய ஊரில் ஓர் ஆராமயம், பெண் துறவிகள் வாழும் மடம், இருக்கிறது. அங்கிருந்து இரண்டு மெனியோ, அதாவது பெண் துறவிகள், அங்கிள் நோயில் கிடந்த கடைசி மாதத்தில் மூன்று தடவை பஸ் ஏறி கொழும்புக்கு வந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிரித் என்கிற காப்பு வசனங்களை ஓதினார்கள். ஒரு தடவை நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது, அங்கிளின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஓதுகிற ஆன்ட்டியின் குரலும் அவர்களின் குரலும் சேர்ந்து கேட்டது. அவர்களைத் தானத்துக்கு அழைக்க வேண்டும் என்று ஆன்ட்டி ஆசைப்பட்டார். அங்கிளின் அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. மெனியோ வந்து உட்கார்ந்தால் அது சாங்கிக தானம், அதாவது பிக்கு சங்கத்துக்குக் கொடுக்கும் தானம், ஆகாது, இறந்தவருக்குப் போய்ச் சேரவேண்டிய புண்ணியம் குறைந்துவிடும், அட்டபிரிகர கொடுப்பதெல்லாம் ஹாமுதுருமாருக்குத்தான் என்றார். அட்டபிரிகர என்பது துறவிக்கு உரிய எட்டுப் பொருள்: உடுத்தும் சீவரங்கள் மூன்று, பாத்திரம், இடைக்கச்சை, சவரக்கத்தி, ஊசி நூல், நீர் வடிகட்டி.

அவர் கெட்ட மனிதர் இல்லை. தம்பிக்குக் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தார். அதனால்தான் எனக்கு அது இன்னும் கனமாக இருந்தது. நோய்ப்படுக்கையில் ஓத வரலாம், தானப் பந்தியில் உட்கார முடியாது என்றால் அந்தப் பெண்கள் யார்? துறவிகளா, இல்லையா?

காலை பதினொரு மணிக்கு முன்பே ஹாமுதுருமார் வந்தார்கள். லிஃப்ட் வாசலிலேயே பேசின் வைத்து, ஒரு மருமகன் கால் கழுவ, இன்னொருவர் துணியால் ஒற்றினார். தாதுப் பேழையை ஒருவர் தலையில் சுமந்து வந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. முடிந்த பிறகு ஆன்ட்டி சோறும் கறியும் தனியாகக் கட்டி, ஊருக்குப் போகிற உறவுப் பையனிடம் கொடுத்து அனுப்பினார். மதியம் தாண்டினால் துறவிகள் சாப்பிடமாட்டார்கள். பையன் போய்ச் சேர எப்படியும் மூன்று மணியாகும். அது தெரிந்தும் அனுப்பினார்.

அந்த மாதம்தான் நான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இலங்கையில் பெண்கள் துறவு பூண்டது நேற்று வந்த வழக்கம் இல்லை. பொ.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகரின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இங்கே வந்ததே, அநுலா என்ற அரச குடும்பத்துப் பெண்ணும் அவளோடிருந்தவர்களும் துறவு கேட்டு நின்றதால்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. பெண்ணுக்குத் துறவு கொடுக்க பிக்குணிகள், அதாவது முழுத் துறவு பெற்ற பெண்கள், வேண்டும், என் தங்கையை அழையுங்கள் என்று மகிந்தர் சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு டிசம்பரிலும் உந்துவப் போயா என்கிற பூரணை நாளுக்கு வீடுகளில் விளக்கு ஏற்றுவது அவள் வந்த நாளை நினைத்துத்தான். பிறகு ஆயிரம் வருடத்துக்கு மேல் பிக்குணிகள் இந்தத் தீவில் இருந்தார்கள். அநுராதபுரம் சோழர் படையிடம் வீழ்ந்த பிறகு, 11ஆம் நூற்றாண்டோடு அந்த வரிசை அறுந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்தேன். ராஜராஜனையும் ராஜேந்திரனையும் பெருமையோடு படித்து வளர்ந்தவள் நான். அதே சோழர் காலத்தில் திருகோணமலைப் பக்கம் வெல்கம் விகாரைக்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயரிட்டு, தமிழில் கல்வெட்டு வெட்டி, விளக்குக்குக் கொடை கொடுத்த தமிழ் பௌத்தர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் ஒன்று: படையெடுப்பில் பிக்குகளின் வரிசையும்தான் அறுந்தது. 1070இல் சோழரை விரட்டிய விஜயபாகு மன்னன் உபசம்பதா, அதாவது சங்கத்தில் சேர்க்கும் முழுத் துறவு, கொடுக்கப் போதுமான பிக்குகள் இல்லை என்று கண்டு, பர்மாவிலிருந்து வரவழைத்தான். பிக்குணிகளுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை.

ஒரு தடவை அல்ல. கண்டி அரசர் காலத்தில் அரக்கானிலிருந்து பிக்குகளை அழைத்து வந்தார்கள். மறுபடி அறுந்தது. 18ஆம் நூற்றாண்டு நடுவில் உபசம்பதா பெற்ற பிக்கு ஒருவர்கூட இந்த நாட்டில் இல்லை. வெலிவிட்ட சரணங்கரர் முயன்று, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆதரவு கொடுத்து, ஒல்லாந்தர் கப்பல் தந்து, 1753இல் சீயத்திலிருந்து, இன்றைய தாய்லாந்திலிருந்து, உபாலி தேரர் வந்து வரிசையை மீட்டுக் கொடுத்தார். சீயம் நிக்காய என்ற பிக்குப் பிரிவின் பெயரே அதனால் வந்தது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்க வம்சம், தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம் என்பதை ஒரு தமிழ் வாசகிக்கு நினைவில் வைத்துக்கொள்ளப் பிடிக்கும்.

சரி, அந்தச் சீயம் நிக்காய பிறகு கொவிகம சாதியாருக்கு மட்டும் என்று ஆயிற்று. அப்போது கரையோரத்து மற்றச் சாதி ஆண்கள் என்ன செய்தார்கள்? அவர்களும் கப்பல் ஏறினார்கள். அம்பகஹபிட்டியே ஞானவிமலர் பர்மாவின் அமரபுரத்துக்குப் போய் உபசம்பதா பெற்று 1803இல் திரும்பினார். அமரபுர நிக்காய பிறந்தது. 1864இல் ராமஞ்ஞ நிக்காய வந்தது, அதுவும் பர்மா வழி. இன்று இந்த மூன்றையும் யாரும் இரவல் வரிசை என்று சொல்வதில்லை. நானும் சொல்லமாட்டேன். அறுந்த கயிற்றை முடிந்துகொள்வது மானமுள்ள காரியம்தான். பெண்கள் அதே முடிச்சைப் போட வந்தபோது மட்டும், அறுந்தது அறுந்ததுதான், அடுத்த புத்தர் வரும்வரை காத்திருங்கள் என்று சொன்னார்கள். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏனென்றால் பெண்களின் கயிற்றின் மறுமுனை வெளியே பத்திரமாக இருந்தது. நம் தீவிலிருந்து போனதே அது. 429ஆம் ஆண்டு நந்தி என்ற மாலுமியின் கப்பலில் இலங்கைப் பிக்குணிகள் சிலர் தென் சீனத் தலைநகருக்கு, இன்றைய நான்ஜிங்குக்கு, போய்ச் சேர்ந்தார்கள். பெண்ணுக்கு உபசம்பதா கொடுக்கப் பத்துப் பிக்குணிகள் தேவை. தொகை போதவில்லை. போனவர்கள் அங்கேயே தங்கி, மொழி பழகிக்கொண்டு காத்திருந்தார்கள். நாலு வருடம் கழித்து, 433இல், தேவசாரா என்ற பிக்குணியின் தலைமையில் இன்னொரு கூட்டம் கடல் கடந்தது. அதன் பிறகு முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பெண்கள் முறைப்படி உபசம்பதா பெற்றார்கள். இது சீனர்கள் எழுதி வைத்த பிக்குணிகள் வரலாற்றில் இருக்கிறது. அந்த நாலு வருடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கப்பல் வருமா வராதா என்று தெரியாமல், குளிர் பழகாத அந்தப் பெண்கள் எந்தத் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்?

சீனாவிலிருந்து கொரியாவுக்கும் தாய்வானுக்கும் அந்த வழி போனது. 1996 டிசம்பரில் சாரநாத்தில், கொரியப் பிக்குணிகளும் பங்கெடுக்க, இலங்கைப் பெண்கள் பத்துப் பேர் உபசம்பதா பெற்றார்கள். அவர்களில் முன்னின்றவர் குசுமா பிக்குணி. குடும்ப வாழ்க்கை வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, பிக்குணிகளின் ஒழுக்க நூலான விநயத்தையே ஆராய்ந்து பட்டம் பெற்றவர். 2021இல் காலமானார். 1998 பெப்ரவரியில் புத்தகயாவில் மேலும் சிலர். அதே ஆண்டு மார்ச்சில் தம்புள்ளையில் இருபத்திரண்டு பேர், இனாமலுவே சுமங்கல தேரரின் ஆதரவில், சொந்த மண்ணிலேயே. ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடத்துக்குப் பிறகு.

சீனத்து வழி மகாயானம், தேரவாதப் பிரிவான எங்களுக்குச் செல்லாது என்பதுதான் எதிர்ப்பின் மையம். ஆனால் சீனத்துப் பிக்குணிகள் பின்பற்றும் ஒழுக்க நூல் தர்மகுப்தகம், அதுவும் பழைய பள்ளிகளில் ஒன்றுடையது. தவிர, பிக்குகளே பிக்குணிகளுக்கு உபசம்பதா கொடுக்கலாம் என்று புத்தர் சொன்ன ஒரு வாசகம் பாலி விநயத்திலேயே இருக்கிறது. பிற்பாடு இரு சங்கமும் சேர்ந்து கொடுக்கும் முறை வந்தபோது பழைய அனுமதி ரத்தானதா, இல்லையா என்பதுதான் இன்றைக்கும் வாதம். ரத்தாகவில்லை என்று வாதிடுகிற பிக்கு அறிஞர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள் பக்கம் நியாயமாகப் படுகிறது.

அறுந்த வரிசைக்கும் மீண்ட வரிசைக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள்தான் ஆன்ட்டியின் மெனியோ. தச சில் மாதா என்பது முழுப் பெயர். பத்துச் சீலம் எடுத்து, தலை மழித்து, காவி உடுத்து, வீடு துறந்து வாழ்கிறவர்கள், ஆனால் சங்கத்தில் சேர்த்தி இல்லை. 1898இல் இதே கொழும்பில் அநகாரிக தர்மபாலவும், அமெரிக்காவிலிருந்து வந்த மிராண்டா டி சூசா கனவாரோவும் சங்கமித்தை பெயரில் ஒரு பெண் துறவியர் இல்லம் தொடங்கிப் பார்த்தார்கள், அது நீடிக்கவில்லை. பர்மாவில் படித்துத் துறவு பூண்ட கேதரின் டி அல்விஸ், சுதம்மாச்சாரி என்ற பெயரோடு திரும்பி 1907இல் கண்டியில் தொடங்கியது நீடித்தது. அதிலிருந்து கிளைத்துப் பரவியதுதான் இன்று ஊர் ஊராக நாம் காணும் ஆராமயங்கள்.

எல்லாச் சில் மாதாக்களும் உபசம்பதா கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிக்குணியானால் எட்டுக் கருதர்மங்கள், பிக்குணிகளுக்கு மட்டுமான விதிகள், வரும். முதலாவதே, உபசம்பதா பெற்று நூறு வருடமான பிக்குணிகூட அன்றைக்கு உபசம்பதா பெற்ற பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது. இப்போது எங்கள் காரியத்தை நாங்களே பார்க்கிறோம், ஏன் போய் இன்னொருவர் ஆட்சிக்குக் கீழே நிற்க வேண்டும் என்று கேட்கிற மெனியோ இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கோதமியே, எட்டையும் ஏற்றுக்கொண்ட பிறகு, வணக்கத்தை மட்டும் ஆண் பெண் பாராமல் மூப்புப்படி வைக்கக்கூடாதா என்று ஆனந்தரிடம் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள் என்று விநயம் பதிந்து வைத்திருக்கிறது. அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் கேட்டாள். முதல் பிக்குணியே கேட்ட கேள்வி இது, மேற்கிலிருந்து யாரும் கொண்டுவந்து இறக்கியது அல்ல.

இரண்டு விரலுக்கு வருகிறேன். பாலி நூல்களில் சோமா என்ற பிக்குணி காட்டில் தியானத்தில் இருக்கும்போது, துறவிகளின் மனதைக் கலைக்க வரும் மாரன் வந்து சீண்டுகிறான். ரிஷிகள் எட்டவேண்டிய, எட்டுவதற்கு அரிய நிலையை இரண்டு விரல் அறிவுள்ள பெண் எட்ட முடியுமா என்கிறான். அது என்ன இரண்டு விரல்? உரையாசிரியர் விளக்குகிறார்: பெண்கள் ஏழெட்டு வயதிலிருந்தே சோறு சமைக்கிறார்கள், ஆனாலும் வெந்ததா என்பதைப் பருக்கையை எடுத்து இரண்டு விரலால் நசுக்கித்தான் அறிகிறார்கள், அந்த அளவு அறிவு என்று இழிவு.

வாசித்ததும் எனக்கு ஆன்ட்டியின் கைதான் தெரிந்தது. விடிகாலை அடுப்படி வெளிச்சம், ஆவி, பெருவிரல், சுட்டுவிரல். அந்த இரண்டு விரல் வேக வைத்த சோற்றைத்தானே இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாகச் சங்கம் பாத்திரத்தில் ஏந்துகிறது? சோமாவின் பதில் இன்னும் உயரமானது. மனம் நன்றாக ஒருமுகப்பட்டு, ஞானம் தடையில்லாமல் ஓடும்போது, பெண்மை என்ன செய்துவிடும்? நான் பெண், நான் ஆண் என்று எவருக்குத் தோன்றுகிறதோ, அவரிடம் போய்ப் பேசு என்று மாரனை அனுப்பிவிடுகிறாள்.

நமக்கும் ஒரு சோமா உண்டு. என் அம்மம்மா நயினாதீவுக்காரி. நயினாதீவுதான் மணிபல்லவம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரே கரையில் நாகபூசணி அம்மன் கோயில் கோபுரமும், நாகதீப விகாரையும் தெரியும். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த கோமுகிப் பொய்கை இங்கேதான் இருந்தது, வைகாசிப் பூரணையில் பாத்திரம் மேலே வரும் என்று அம்மம்மா கதை சொன்னார். அது வெசாக் நாள் என்று வளர்ந்த பிறகுதான் பொருத்திப் பார்த்தேன். பிச்சை இட்ட ஆதிரையைச் சாத்தனார் பாடுகிற இடம் எனக்கு மனப்பாடம்: “பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென ஆதிரை இட்டனள் ஆருயிர் மருந்து.” இடுகிறவளும் பெண், ஏந்துகிறவளும் பெண்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தராத இடம் ஒன்று பின்னால் வருகிறது. வஞ்சி நகரில் பல சமயத்தாரிடம் தத்துவம் கேட்க மணிமேகலை புறப்படுகிறாள். கோயிலில் சிலையாய் நிற்கும் கண்ணகி அவளுக்குச் சொல்கிறாள்: “இளையள் வளையோள் என்றுனக்கு யாவரும் விளைபொருள் உரையார், வேற்றுருக் கொள்க.” இளம்பெண், வளையல் போட்டவள் என்று உனக்கு யாரும் உண்மைப் பொருளைச் சொல்லமாட்டார்கள், வேறு வடிவம் எடுத்துக்கொள். அவளும் ஆண் துறவி வடிவில் போய்த்தான் சைவவாதியையும் வைணவவாதியையும் ஆசீவகரையும் நிகண்டரையும் கேள்வி கேட்கிறாள். இதை ஒரு தாய் மகளுக்குச் சொல்கிற குரலில் எழுதியிருக்கிறார் சாத்தனார். காப்பியத்தின் கடைசி வரியில் அந்த வேடம் இல்லை. “பவத்திறம் அறுகெனப் பாவை நோற்றனள்.” பாவை. பெண்ணாகவே நோற்றாள்.

எங்கள் கோயில்களிலும் கருவறைக்குள் பெண்ணுக்கு இடம் இல்லை என்பதை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. அதற்கு இன்னொரு நாள் முழுக் கட்டுரை எழுத வேண்டும். ஆனால் பௌத்தம் அந்நிய வீட்டுச் சங்கதி, நமக்கு என்ன என்று கேட்ட தோழிக்கு என் பதில் மணிமேகலைதான்.

போன வருடம் காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்ஸில், பம்பலப்பிட்டியில் ஒரு பிக்குணி ஏறினார். முன் இருக்கைக்கு மேலே மதகுருமாருக்கு என்று மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அதில் உட்கார்ந்திருந்த இளைஞன் போனிலிருந்து தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். எழும்புவதா வேண்டாமா என்று அவனுக்கு உண்மையாகவே தெரியவில்லை, முகத்தில் அது தெரிந்தது. ஒரு ஹாமுதுரு ஏறியிருந்தால் கால்கள் தாமாகவே எழும்பியிருக்கும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெஹிவளை வரை நின்றார். நான் எழும்பி என் இருக்கையைக் காட்டினேன், சிரித்துத் தலையசைத்து வேண்டாம் என்றார். அடுத்த ஹோல்டில் அந்தப் பையனும் எழும்பினான். அப்போது அவர் இறங்கும் இடம் வந்துவிட்டது.

அடையாள அட்டை விஷயமும் இதே தயக்கம்தான், காகிதத்தில். பௌத்தத்துக்கு முதலிடம் என்று அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை சொல்கிற நாட்டில், அட்டையில் பிக்குணி என்று போட்டுத் தர மறுத்தார்கள். சில் மாதா என்று போடலாம், பிக்குணி என்று ஒன்று இல்லை என்ற நிலை. மொழிபெயர்ப்பு எனக்குத் தொழில். ஒரு படிவத்தில் பெயருக்கு முன்னால் வருகிற ஒரு சொல் எவ்வளவு பெரியது என்று தினமும் பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பிசகினாலே மனிதர்கள் வருடக்கணக்கில் அலைகிறார்கள். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒரு பிக்குணி தொடுத்த வழக்கில், அப்படி மறுத்தது சமத்துவத்தைச் சொல்லும் 12(1) உறுப்புரையை மீறியது என்று தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை அன்று இரவு ஆன்ட்டிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, திரும்ப வாசி என்றார்.

இங்கே இன்னொன்றும் நடந்திருக்கிறது. தாய்லாந்தில் பெண்களுக்குத் துறவு கொடுக்கக்கூடாது என்று 1928இல் சங்கராஜர் இட்ட ஆணை இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த சத்சுமார்ன் கபில்சிங் இலங்கைக்கு வந்து 2003இல் உபசம்பதா பெற்று, தம்மானந்தா பிக்குணியாகத் திரும்பிப் போனார். 1753இல் நம் ஆண்களுக்குச் சீயம் தந்ததை, இருநூற்றைம்பது வருடம் கழித்து நம் பெண்கள் சீயத்துப் பெண்ணுக்குக் கொடுத்தார்கள்.

அங்கிளின் வருடத் தானத்துக்கு ஆன்ட்டி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஊர் ஆராமயத்து மெனியோ இருவரில் இளையவர் உபசம்பதா எடுத்திருந்தார். அவரோடு இன்னும் நாலு பிக்குணிகள் வான் பிடித்து வந்தார்கள். மூத்தவர் சில் மாதாவாகவே இருக்கிறார், அவரும் வந்தார். மறுபடி விடிகாலை மூன்றரை, மறுபடி அதே பானை. இந்தத் தடவை ஆன்ட்டி அகப்பையை என்னிடம் நீட்டினார்.

வந்ததும் லிஃப்ட் வாசலில் பேசின் வைத்தோம். ஹாமுதுருமார் வந்தால் கால் கழுவுவது வீட்டு ஆண்கள்தான். பெண்கள் தள்ளி நின்று கும்பிடுவோம். இவர்களுக்கு ஆன்ட்டியே தரையில் உட்கார்ந்து கழுவினார். நான் தண்ணீர் ஊற்றினேன், அம்மா துணியோடு நின்றார். மூத்த மெனியோவின் குதிகால் வெடித்து, உள்ளே செம்மண் ஏறியிருந்தது. ஆன்ட்டி அந்த வெடிப்புகளைப் பெருவிரலால் மெதுவாகத் தேய்த்துவிட்டார். யாரும் ஒன்றும் பேசவில்லை. மாடியில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள்.

அங்கிளின் அண்ணா வரவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி மகனை அனுப்பியிருந்தார். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, காவித்தாளில் சுற்றிய ஒரு பொதியை இரண்டு கையாலும் கொண்டுவந்து ஆன்ட்டியிடம் கொடுத்தான். அட்டபிரிகர.